முனியாண்டி போன வழி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கல்யாண மண்டபத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவனுக்குச் சர்க்கரை, ஒருவனுக்கு ரத்தக் கொதிப்பு, இன்னொருவனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. சாப்பாடு வருவதற்கு முன்னால் மாத்திரை டப்பாக்கள் மேசைக்கு வந்துவிடும். எனக்கும் ஒரு வியாதி இருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள். பொறாமை. சின்ன வயதில் பிடித்தது, இன்னும் விடவில்லை. கிளினிக்கில் இதற்கு மாத்திரை கிடையாது. கேட்டுப் பார்த்தேன். நர்ஸ் மிஸ்ஸி கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி.

போன மாதம் சுங்கைப் பட்டாணியில் நடந்த ஒரு கல்யாணத்தில் அது மறுபடி கிளம்பிவிட்டது. காரணம் ஒரு சாவிக்கொத்து. அங்கே வருவதற்கு முன்னால் உங்களை ஒரு தாமான் குடியிருப்புக்கும், ஒரு குளத்துக்கும், மன்னிக்கவும், ஒரு கக்கூசுக்கும் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. சாப்பிட்டு முடித்தவர்கள் தாராளமாகக் கூட வரலாம். சாப்பிடப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து வாருங்கள்.

எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, தொழிலாளர் லயத்துச் சனங்களை டவுன் ஓரத்தில் புதிதாகக் கட்டிய தாமானுக்கு அனுப்பிய வருடம் அது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கதவு. லாரி வேலைக்குப் போய்க் களைத்துத் திரும்பும் என் அப்பா, வந்த புதிதில் ஒருநாள் எதிர்வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, காப்பி வேறு கேட்டுவிட்டார். எதிர்வீட்டு அக்கா கொடுத்தும் விட்டார்.

அந்தத் தாமானில் எங்களுக்குப் பெரிய அதிசயம் வீட்டுக்குள்ளேயே இருந்த கக்கூஸ்தான். தோட்டத்தில் அதற்குப் போவதென்றால் ஒரு பயணம். லயத்துக்குப் பின்னால், வாழைக்கு அந்தப் பக்கம். மழை என்றால் குடை, பயம் என்றால் துணை. இங்கே சமையலறையிலிருந்து எட்டி வைத்தால் கக்கூஸ். "சாமி படம் மாட்டுன வீட்டுக்குள்ளயா?" என்று பொம்பளைகள் முதலில் மூக்கில் விரல் வைத்தார்கள். பிறகு பழகிவிட்டது. தலைக்கு மேலே ஒரு தொட்டி, அதிலிருந்து ஒரு சங்கிலி. இழுத்தால் மேலேயிருந்து ஒரு அருவி. எல்லாம் போய்விடும். நாங்கள் பிள்ளைகள் வேலையில்லாமலே போய் இழுத்துப் பார்ப்போம்.

"இதெல்லாம் எங்க போவுதுப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "கவர்மெண்டு எடுத்துக்குது."

நல்ல கவர்மெண்டு என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் தாமானில் யாரும் கேட்கவில்லை.

கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால், முள்கம்பி வேலிக்குள் குளங்கள் இருந்தன. படிக்கட்டு மாதிரி ஒன்றை அடுத்து ஒன்று, மூன்று. முதல் குளம் கறுப்பு, நடுக்குளம் பச்சை, மூன்றாவது குளத்தில் வானம் தெரியும். கரையெல்லாம் கங்கோங் கீரை. கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கும். மத்தியான வெயிலில் உடும்பு ஒன்று கரையேறிப் பெரிய கங்காணி மாதிரி நடந்துபோகும். வேலியில் ஒரு பலகை தொங்கியது. மலாயில் ஏதோ நீளமாக எழுதியிருந்தது. கவர்மெண்டு மீன் வளர்க்கிறது என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

வாசனை வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் நாங்கள் யார்? ரப்பர் ஆலைக்குப் பக்கத்து லயத்தில் பிறந்தவர்கள். ரப்பர் பாலை உறைய வைத்த தண்ணீர் வாய்க்காலில் தேங்கி வெயிலில் புளிக்கும்போது வரும் வாடையைத் தாலாட்டாக முகர்ந்து வளர்ந்த மூக்குகள். அந்த மூக்குகளுக்கு இந்தக் குளம் பூந்தோட்டம். "இங்க காத்து நல்லாருக்கு லா" என்று அம்மா மூச்சை இழுத்துவிட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தக் குளங்களுக்கு ஒரு காவல்காரர் வந்தார். வேறு தோட்டத்து ஆள். குளத்துக்காரர் என்றே எல்லாரும் கூப்பிட்டோம். முழங்கால் வரை கறுப்பு பூட்ஸ், நீளக் கைப்பிடி வைத்த ஒரு வாரி. புல் வெட்டுவார், குளத்துக்குத் தண்ணீர் நுழைகிற இடத்தில் இருந்த கம்பித் தடுப்பை வாரியால் சுரண்டுவார். துரை மாதிரி நடப்பார். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அவருக்கு என் வயதில் ஒரு மகன் இருந்தான். பிரச்சினை அதுதான்.

அவன் கழுத்தில் சாவி தொங்கியது. வேலிக் கதவுச் சாவி. கறுப்புக் கயிற்றில் கட்டி, சட்டைக்கு வெளியே தெரிகிற மாதிரி போட்டிருப்பான். பள்ளிக்கூடத்தில் நான் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது அது வெயிலில் மின்னும். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு இன்று வரை வராததற்கு அந்தச் சாவிதான் பொறுப்பு. பள்ளி விட்டதும் அவன் மட்டும் கதவைத் திறந்து உள்ளே போவான். கரையில் நடப்பான். கொக்கு அவனைப் பார்த்துப் பறக்காது. நாங்கள் வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி நிற்போம், மிருகக்காட்சி சாலையில் குரங்கு நிற்பதைப் போல.

"அந்தப் புள்ளையப் பாரு," என்பார் அம்மா. "அப்பனுக்கு எவ்வளவு ஒத்தாசை. நீயும் இருக்கியே."

ஒத்தாசை செய்ய என் அப்பாவுக்கு ஒரு குளம் வேண்டாமா?

ஆனாலும் எனக்கு ஒரு சிம்மாசனம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அம்மாவின் தம்பி, என் மாமா, தஞ்சோங் டாவாயில் விடியலிலேயே படகுக்காரர்களிடம் மீன் எடுத்து, கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். தோட்டத்தில் இருந்தபோதும் வந்தார், தாமானுக்கும் வந்தார். மாமாவின் சட்டையில் உப்பும் பெட்ரோலும் சேர்ந்த ஒரு வாசம். ஹேண்டிலில் ஒரு ரப்பர் உருண்டை ஹார்ன். தாமான் முனையில் என்னை முன்னால் ஏற்றிக்கொள்வார். அந்த ஹார்னை அமுக்கும் உரிமை உலகத்தில் எனக்கு மட்டும்தான். பாம், பாம் என்று அமுக்கினால் பச்சைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். "மீன்கார அண்ணே, கெம்போங் இருக்கா? எறா இருக்கா?" என்று அக்காமார் சட்டியோடு வருவார்கள். குளத்துக்காரர் மகனும் வந்து நிற்பான். அவனைப் பார்த்து இன்னும் ஒரு பாம்.

அந்தச் சிம்மாசனத்தை அவன் ஒரு வாளியில் போட்டுக் கவிழ்த்துவிட்டான்.

வாளி நிறையத் திலாப்பியா. குளத்துக்காரர் மூன்றாவது குளத்தில் வீச்சு வலை போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் மகனின் முன்னங்கை நீளம், வயிறு புடைத்து, செதில் கண்ணாடி மாதிரி. மகன் வீடு வீடாகப் போய்க் கொடுத்தான். "அப்பா குடுக்கச் சொன்னாரு, ஆன்ட்டி." ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது, பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும். அம்மா அந்த மீனை மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவி, புளி கரைத்து, வெண்டைக்காய் போட்டுக் குழம்பு வைத்தார். அப்பா சட்டியை விரலால் வழித்தார். "கடல் மீனு பிச்சை வாங்கணும்," என்று சொன்னார். என் மாமா கொண்டுவரும் மீனைத் தின்று வளர்ந்த வாய்.

நான் தொடவில்லை. உயிர் போனாலும் அவன் மீனைத் தின்பதில்லை என்று முடிவு செய்தேன். வெறும் சோற்றில் மோர் ஊற்றித் தின்றேன்; குழம்பு வாசம் வரும் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பொறாமை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா, முள் குத்திய பயம் என்று நினைத்தார். எதிர்வீட்டு அக்கா, பல் வலி என்றார். கடைசியில் தாமான் கோயில் பூசாரி என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புள்ள ஏதோ வெரதத்துல இருக்கு. வற்புறுத்தாதீங்க," என்றார். மந்திரித்து ஒரு கயிறும் கட்டினார். பெரியவர்கள் நம்மைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தைகளை மறுக்கக் கூடாது என்பது அன்றே எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்குள் ஞாயிறு செத்துக்கொண்டிருந்தது. ஹார்னை அமுக்குவேன், கதவு திறக்காது. திறந்தாலும், "இந்த வாரம் வேணாம்ணே, நேத்தே மீனு வந்துருச்சு," என்று பாதி முகம் மட்டும் தெரியும். ஐஸ் உருகிப் பெட்டியிலிருந்து சாலையில் சொட்டும். ஒரு ஞாயிறு மாமா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து காப்பியை ஆற்றியபடி சொன்னார்.

"கோலா கெடாவுல ஒரு தவுக்கே கூப்புடுறாருக்கா. பெரிய மொதலாளி. படகுல வேலை. அங்கயே தங்கிக்கலாமாம்."

"அப்ப இந்தப் பக்கம்?" என்றார் அம்மா.

"வாங்க ஆளில்லாத தாமானுக்கு வந்து என்னா செய்யிறது? அடுத்த ஞாயிறு பாப்பேன். அதுவும் இப்படித்தான்னா போயிடுவேன்."

நான் ஹார்ன் உருண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா போய்விட்டால் என் ஞாயிறு போச்சு. ஒரு வாளி மீன் என் மாமாவைக் கோலா கெடாவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த வாளியைப் பிடித்த கையை எனக்குத் தெரியும்.

இனி என்னிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. முனியாண்டி.

ரப்பர் கொட்டை விளையாட்டு உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு கொட்டையின் மேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டும். எது உடைகிறதோ அது தோற்றது. என் கொட்டை எங்கள் தோட்டத்துக் கோயிலடி மரத்தில் வெடித்து விழுந்தது. அந்த மரமும் போய்விட்டது, கோயிலும் இடம் மாறிவிட்டது, கொட்டை மட்டும் என் காற்சட்டைப் பையில் இருந்தது. கரும்பழுப்பில் வெள்ளி வரிகள். கொசுவத்தி நெருப்பால் அதன் நெற்றியில் ஒரு சூலம் சுட்டு, முனியாண்டி என்று பெயர் வைத்திருந்தேன். அது உடைக்காத கொட்டை தாமானில் கிடையாது. தோற்றவன் தன் அடுத்த கொட்டையையும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். என் வீட்டில் ஒரு பால் டின் நிறையக் கைதிகள் இருந்தார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள் குளத்துக்காரர் மகன் வாசலில் வந்து நின்றான். பின்னால் தாமான் பயல்கள் அத்தனை பேரும்.

"டேய், வெளிய வா! உன் முனியாண்டியக் கொண்டா!"

சன்னல் இடுக்கில் பார்த்தேன். அவன் கையில் இருந்ததைக் கொட்டை என்றே சொல்ல முடியாது, கருங்கல். அவ்வளவு பெரியது, அவ்வளவு பளபளப்பு. அவன் அப்பா எங்கேயோ மலையடித் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தாராம். சாவி அவனுடையது, குளம் அவனுடையது, அம்மாவின் பாராட்டு அவனுடையது, ஞாயிறும் போகப்போகிறது. இன்றைக்கு முனியாண்டியும் உடைந்தால் நான் யார்?

"வயித்து வலி!" என்று உள்ளேயிருந்து கத்திவிட்டுக் கக்கூசுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன்.

"வலிக்கிற மாதிரி சத்தமே வரலியேடா!" என்றான் அவன் வெளியே. பயல்கள் சிரித்தார்கள்.

சத்தம் வேண்டுமா? சங்கிலியை எட்டி இழுத்தேன். முனியாண்டியைப் பிடித்திருந்த அதே கையால். வேர்வையில் விரல் வழுக்கியது. மேலேயிருந்து அருவி இறங்கிய அதே நொடியில் முனியாண்டியும் இறங்கினார். ஒருமுறை சுழன்று சூலத்தைக் காட்டினார். போய்விட்டார்.

நான் செய்த காரியத்தின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. கொட்டை போனது ஒரு பக்கம். பெயர்? சாமி பெயர் வைத்த ஒன்றைக் கக்கூசில் தள்ளியிருக்கிறேன்! பூசாரி கட்டிய கயிறு கையில் அரிக்க ஆரம்பித்தது. கால் முடங்குமா, கண் போகுமா என்று சுவரைப் பிடித்து நடந்து பார்த்தேன். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கோயில் இருந்த திசையைப் பார்த்து, "எடுத்துக்கிட்டது கவர்மெண்டுதான், நான் இல்ல சாமி," என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிறு வந்தது. மாமா வந்தார். பாம், பாம். ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லாச் சமையலறைகளிலிருந்தும் திலாப்பியாக் குழம்பு கொதிக்கிற வாசம். மாமா வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி, பெட்டி மூடியைத் திறந்து ஈ ஓட்டினார். கெம்போங் மீன்கள் கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தன.

அப்போதுதான் குளத்துப் பக்கமிருந்து அவன் ஓடிவந்தான். கழுத்தில் சாவி குதிக்க, கையில் ஒரு வாழை இலைத் துண்டு, அதன் நடுவில் ஏதோ.

"டேய்! உன் முனியாண்டி எங்க குளத்துல கெடந்தாருடா!"

சூலம் பளிச்சென்று தெரிந்தது. கதவுகள் திறந்தன.

"குளத்துல எங்கடா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. கையில் தட்டு, வாயில் மீன் துண்டு.

"தண்ணி உள்ள வருமே, அந்தக் கம்பியிலக்கா. அப்பா வாரும்போது சிக்கிட்டாரு."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "நீ ஏன்டா வேலி தாண்டிப் போனே?"

"நான் போகலம்மா."

"அப்ப இது எப்படிப் போச்சு?"

"விழுந்துருச்சு."

"எங்க விழுந்துச்சு?"

"கக்கூஸ்ல."

"யாரு கக்கூஸ்ல?"

"நம்ம கக்கூஸ்லம்மா. சங்கிலிய இழுத்தப்ப."

தாமான் முழுவதும் ஒரே சமயத்தில் கணக்குப் போடுவதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். அம்மாவின் பார்வை எங்கள் வீட்டுக் கக்கூசுக்குப் போனது, அங்கிருந்து தரைக்கு, தரையிலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து அடுப்புக்கு. எதிர்வீட்டு அக்கா வாயிலிருந்த மீனை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அலமாக்!" என்றார் யாரோ.

பூட்ஸ் சத்தம் கேட்டது. குளத்துக்காரர், வாரியைத் தோளில் போட்டபடி. எல்லாரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நின்றுவிட்டார்.

"ஏன் அண்ணே," என்றார் அம்மா மெதுவாக, "எங்க வீட்டுக் கக்கூஸ்ல இழுத்தா அது ஒங்க குளத்துக்கா வருது?"

"ஆமா. வேற எங்க போவும்?"

"கவர்மெண்டு எடுத்துக்குதுன்னு சொன்னாங்க."

"அந்தக் கவர்மெண்டு நாந்தான் தங்கச்சி!" என்றார் குளத்துக்காரர். "ஒங்களுக்கெல்லாம் தெரியும்னுல்ல நெனச்சேன்! மொத குளத்துல நானே கைய நனைக்க மாட்டேன். அழுக்கு அங்கயே அடியில தங்கிரும். நடுவுல வெயிலு பாத்துக்கும். மூணாவதுக்கு வர்றப்ப கண்ணாடி. அந்த மீனைத்தானே குடுத்தேன்? எங்க வீட்டுலயும் அதான் கொதிக்குது."

அவர் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. குழம்புச் சட்டிகள் சாக்கடைக்கு நடந்தன. அந்தக் கலவரத்தில், கூட்டத்தோடு வந்து நின்ற கோயில் பூசாரி என் பக்கம் திரும்பினார். அவர் கண் விரிந்தது.

"இந்தப் புள்ள மட்டும் அந்த மீனத் தொடலையே! பாத்தீங்களா? புள்ளைக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கு. நாம கேக்கலன்னதும் முனியாண்டி தானே உள்ள எறங்கிப் போயி காட்டிக் குடுத்துட்டாரு!"

அக்காமார் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? கயிறு கட்டிய கையை மெல்ல உயர்த்தினேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் என் வாழ்க்கையில் எனக்குப் பொறாமை இல்லாமல் இருந்தது.

எல்லாரும் மாமாவின் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணே, எனக்குக் கெம்போங்!" "எறா இருக்கா, எடுத்து வைங்கண்ணே!" மாமா சிரித்துக்கொண்டே தராசைத் தேடினார். நான் ஹார்னை எட்டி அமுக்கினேன். பாம்! குளத்துக்காரர் மகன் இலையைப் பிடித்தபடி தனியாக நின்றான். அவன் அப்பாவின் முகம் சுருங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு பாம்.

"எடுங்க, எடுங்க," என்றார் குளத்துக்காரர். குரல் உடைந்திருந்தது. "மூணாவது குளத்துத் தண்ணி எங்க போவுதுன்னு கேட்டீங்களா? ஓடைக்கு. ஓட எங்க போவுது? மெர்போக் ஆத்துக்கு. ஆறு எங்க போயி கடல்ல விழுது? தஞ்சோங் டாவாயில."

பெட்டிக்குள் நீண்ட கைகள் அப்படியே நின்றன. ஒரு கை மீனைத் திரும்ப ஐஸ் மேல் வைத்தது. பிறகு இன்னொரு கை. மாமாவின் சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

பூசாரி என்னிடம் குனிந்தார். "நீ சொல்லு ஐயா. மாமா மீனத் திங்கலாமா?"

தாமானே என் வாயைப் பார்த்தது. மாமாவும் பார்த்தார்.

"திங்கலாம்," என்றேன் அவசரமாக. "நல்ல மீனு. சாமி சொல்லுது."

"அப்ப எங்க மீனு?" குளத்துக்காரர் மகன்தான். சத்தம் போடவில்லை. "அதே தண்ணிதானடா. அது நல்லதுன்னா இதுவும் நல்லது. இது கெட்டதுன்னா அதுவும் கெட்டது."

படுபாவி, வாய்ப்பாட்டிலும் அவன்தான் முதல்.

எனக்குத் தப்பிக்க வழி தெரியவில்லை. அவன் மீன் கெட்டது என்றால் மாமா கோலா கெடா போவார். மாமா இருக்க வேண்டுமென்றால் அவன் மீன் நல்லதாக வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டியை மட்டும் அம்மா இன்னும் கொட்டவில்லை. வைத்த குழம்பைக் கொட்ட அவருக்கு மனசு வராது. நான் உள்ளே போனேன். தட்டில் சோறு போட்டேன், குழம்பை ஊற்றினேன், இருப்பதிலேயே பெரிய துண்டாக எடுத்தேன். வாசலுக்கு வந்து எல்லாருக்கும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

இதைக் கவனியுங்கள். குளத்துக்காரர் வீட்டைத் தவிர தாமானில் அத்தனை பேரும் தெரியாமல் தின்றார்கள். தெரிந்து தின்றவன் நான் ஒருவன்தான்.

முதல் கவளம் தொண்டையில் நின்றது. கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்த ஒரு அக்கா, "பக்தி," என்றார். விழுங்கினேன்.

ருசியாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. அவ்வளவு மெத்தென்று, புளி உள்ளே வரை ஏறி, என் மாமாவின் கெம்போங் எட்ட முடியாத ருசி. இத்தனை நாள் மோர் சோறு தின்ற என் மடத்தனத்தை நினைத்து எனக்கு அழுகையே வந்தது. முள்ளை உறிஞ்சினேன்.

"எப்படி இருக்கு?" என்றான் அவன்.

"உப்பு கம்மி," என்றேன்.

அம்மா என் தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பெட்டியிலிருந்து கெம்போங் மீன்களைக் கை நிறைய அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டார். பிறகு எதிர்வீட்டு அக்கா. மாமா தராசை எடுத்தார். கோலா கெடா தவுக்கே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் பாயில் படுத்து வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு குடல் சத்தத்துக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன். உடம்பு பச்சையாகிறதா என்று நகத்தைப் பார்த்தேன். கடைசியில் கக்கூசுக்குப் போய்ச் சங்கிலியை இழுத்தபோது ஒரு நினைப்பு வந்து மண்டையில் உட்கார்ந்தது: தின்றது திரும்ப அதே குளத்துக்குப் போகிறது. அங்கே ஒரு மீன் காத்திருக்கிறது. அது திரும்ப வரும். இதற்கு முடிவே இல்லையே! தலை சுற்றிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். பேதிகூட ஆகவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அதன் பிறகு யாரும் குளத்து மீன் வாங்கவில்லை. என் சாட்சி மாமாவுக்கு மட்டும்தான் செல்லுபடியானது. குளத்துக்காரர் வீட்டில் காப்பி கொடுத்தால், "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்," என்றார்கள். கல்யாணப் பத்திரிகையை அவர் கையில் கொடுக்காமல் வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் எல்லாருடையதையும் வாரி எடுத்தவர், அது எங்களுடையது என்பதற்காகவே ஒதுக்கப்பட்டார். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சங்கிலி இழுப்பதை மட்டும் ஒரு வீட்டிலும் நிறுத்தவில்லை.

அவன் அன்று முனியாண்டியை இலையோடு என்னிடம் நீட்டினான். நான் தொடவில்லை. "கழுவிட்டுக் குடு," என்றேன். கழுவ எடுத்துப் போனான். பிறகு அவர்கள் வேறு குடியிருப்புக்கு மாறிப் போய்விட்டார்கள்.

இனி சாவிக்கொத்து.

கல்யாண மண்டபத்தில் மாத்திரை டப்பாக்களுக்கு நடுவில் ஒரு பெரிய சாவிக்கொத்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவன். தலை நரைத்து, தொப்பை போட்டு, ஆனால் அதே நடை, அப்பாவின் நடை. அந்தக் குளங்களை மூடிவிட்டுச் சிமெண்டுத் தொட்டிகளும் காற்றடிக்கும் யந்திரங்களுமாகக் கட்டிவிட்டார்களாம். சுங்கைப் பட்டாணியில் பாதி ஊருக்கு அங்கேதான் சுத்திகரிப்பு. அவன்தான் அதற்குப் பொறுப்பாளர். மண்டபத்தில் எங்கள் மேசை முழுக்க அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. தொட்டிக்குள் பல்செட்டு வந்த கதை, தாலிக்கொடி வந்த கதை, ஒரு புருசன் கைத்தொலைபேசியைத் தேடி அழுதுகொண்டு வந்த கதை. எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும், நம் மேசையில் சிரிக்க வைப்பது என் வேலை. அதையும் எடுத்துக்கொண்டான்.

பிறகுதான் கொத்தைக் கவனித்தேன். சாவிகளுக்கு நடுவில் கரும்பழுப்பாக, வார்னிஷ் பூசி, மேலே சின்னத் துளை போட்டு வளையத்தில் கோத்து. நெற்றியில் சூலம்.

"முனியாண்டி!"

"கழுவியாச்சு லா," என்றான். "எப்பவோ கழுவியாச்சு."

"குடு. என்னோடது."

"குடுக்குறதா? அன்னைக்கு ஆட்டம் பாக்கி." சட்டைப் பையில் கையை விட்டான். அந்தக் கருங்கல் கொட்டை, அதே பளபளப்பு. நான் வருவேன் என்று தெரிந்து கொண்டுவந்திருக்கிறான், படுபாவி. "உன் முனியாண்டி, என் கொட்டை. இங்கயே, இந்த மேசையிலயே அடி. ஜெயிச்சா எடுத்துக்கிட்டுப் போ."

மேசை கை தட்டியது. மாத்திரை டப்பாக்களை ஒதுக்கி இடம் விட்டார்கள். முனியாண்டிக்கும் என் வயதுதான் இருக்கும். உள்ளே பருப்பு இருக்கிறதோ, வெறும் ஓடோ. இன்றைக்கு உடைந்தால்?

"வயிறு ஒரு மாதிரி இருக்கு," என்று எழுந்துவிட்டேன். "தண்டாஸ் போயிட்டு வந்துடுறேன்."

பின்னால் ஒரே சிரிப்பு. அவன் சிரிப்பு தனியாகக் கேட்டது.

உள்ளே தாழ்ப்பாள் போட்டு நின்றேன். வந்ததற்கு ஒரு சத்தமாவது கேட்க வேண்டுமே என்று பொத்தானை அமுக்கினேன். தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கே போகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். நேராக அவனிடம்தான்.

இதுவும் அவனுக்குத்தான்.